பொடிக்கோலாவின் நிழல்

விமானம் கடந்துபோன பிறகும் அதன் நிழல் போகாமல் மணலிலேயே கிடந்த அந்தக் காலையில், சிப்பிமுனைக் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த கித்தேரிக்கு வந்த ஒரே கவலை, நிழலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட நெத்திலி காயாதே என்பதுதான். அவள் கத்தவில்லை, சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, நிழலின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள், அது நனைந்த வலையைப் போலக் கையோடு வந்தது, வந்ததும் அதை வால் பக்கமிருந்து மூக்கு வரை பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி ஐஸ் பெட்டிக்குப் பின்னால் சாத்திவிட்டு, வெயில் பட்ட நெத்திலியைக் கிளறிவிடப் போய்விட்டாள்.

சிப்பிமுனைக்கு வடக்கே, உடைமரக் காட்டுக்கு அந்தப் பக்கம், விமான நிலையம் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடல் பக்கமிருந்து வருகிற விமானங்கள் எல்லாம் ஓடுதளத்தைத் தொடுவதற்கு முன்னால், ஊர்ப் பெண்கள் மீன் காயப்போடுகிற அந்த மணலுக்கு மேலே வயிறு தெரிய இறங்கியாக வேண்டும். அந்த மணலை விட்டால் ஊருக்கு வேறு களம் கிடையாது. தெற்கே சதுப்பு, மேற்கே உடைமுள், குடியிருப்புக்குள் காற்று நுழையாது. வேறெங்கே விரித்தாலும் மீன் காய்வதற்குள் புழு வைத்துவிடும், புழு வைத்த மீனைக் கோழித் தீவனத்துக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான். ஆண்கள் கடலில் பிடித்து வருவது ஒருநாள் பாடு என்றால், பெண்கள் அந்த மணலில் காயவைத்து எடுப்பதுதான் மழைக்காலப் பாடு.

அன்று மத்தியானத்துக்குள் கித்தேரியின் அண்ணன் மனைவி அமலோற்பவம் வந்து, சுருட்டிவைத்த நிழலை மோந்து பார்த்து, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றிய விசாரணை. ஏன் விமானத்தின் நிழல் மட்டும் அந்த மணலில் ஒட்டிக்கொள்கிறது, காக்கையின் நிழலும் மேகத்தின் நிழலும் ஏன் ஒட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை, ஏனென்றால் மறுநாள் இன்னொன்று விழுந்தது, அதற்கு மறுநாள் இரண்டு விழுந்தன. ஒருமுறை நிழலைப் பறிகொடுத்த விமானம் அடுத்த முறை நிழல் இல்லாமல் வந்து, இல்லாமலே இறங்கி, இல்லாமலே ஏறிப் போயிற்று. விமான நிலையத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அங்கே உள்ளவர்கள் எல்லாரும் மேலே பார்க்கிற வேலையில் இருந்தார்கள்.

ஊர் நிழல்களை எடுத்துப் புழங்கத் தொடங்கியது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் நாலு கம்பு நட்டு ஒரு நிழலைக் கட்டினார்கள், சித்திரை வெயிலிலும் அதன் அடியில் ஏலக்காரருக்குத் தொண்டை வறளவில்லை. ஒடுங்கலான நீள நிழல் ஒன்றைப் பள்ளிக்கூடம் போகிற சந்தின் மேலே இழுத்துக் கட்டினார்கள், பிள்ளைகள் செருப்பில்லாமல் நடந்தார்கள். கோவில் பங்குச் சாமியார் வந்து பார்த்தார், வெகுநேரம் தாடையைத் தடவினார், கடைசியில் திருநாளுக்கு வடக்கு வாசலில் கட்ட ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். ஹெலிகாப்டர் ஒன்றின் நிழல் விழுந்தபோது, அதன் மேல்காற்றாடி சுருட்டிய பிறகும் சுற்றிக்கொண்டே இருந்ததால், பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில் அதை மோட்டுவளையில் மாட்டுவது என்று வழக்கமாயிற்று. ஒரு வீட்டில் பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

வசதி இப்படி என்றால் தொந்தரவும் இருந்தது. நிழல் விழுகிற இடத்தில் இருக்கிற மீனை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும், ஒதுக்க வேண்டும் என்றால் வருவது எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று விமானம் கடல்மேல் இருக்கும்போதே தெரிந்தாக வேண்டும். அதனால் பெண்கள் விமானங்களை இனம் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு இனம் பிரிக்கத் தெரிந்தது மீனை. மீனைக் கையில் எடுத்தால் முதலில் துடுப்பைப் பார்ப்பார்கள், பிறகு செவுள், பிறகு உடம்பு, கடைசியில் வால். விமானத்தையும் அதே வரிசையில் பார்த்தார்கள்: துடுப்பு இருக்கிற இடத்தில் இறக்கை, செவுள் இருக்கிற இடத்தில் எஞ்சின், உடம்புக்கு உடம்பு, வாலுக்கு வால்.

இறக்கை வயிற்றை ஒட்டி முளைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து, நுனி மேல்நோக்கி மடங்கி, ஒவ்வொரு இறக்கைக்கு அடியிலும் ஒரு எஞ்சின் தொங்கினால் அது பாறை. பாறை மீனைப் போலவே அதுதான் நிறைய வரும். உடம்பு ஒல்லியாக நீண்டு, இறக்கையில் ஒன்றும் தொங்காமல், இரண்டு எஞ்சினும் பின்னால் வாலோரத்தில் ஒட்டிக்கொண்டு, வாலின் உச்சியில் குறுக்கே ஒரு பலகை வைத்தது மாதிரி இருந்தால் அது சீலா. இறக்கை முதுகின் மேலே உட்கார்ந்து, சாயாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நேராக நீட்டி, பக்கத்துக்கு ஒரு காற்றாடி சுற்றினால் அது பறக்கிற மீனான கோலா. கோலாவுக்கும் வாலின் உச்சியில்தான் பலகை. இறக்கை முதுகிலா வயிற்றிலா என்பது மணலில் விழுந்த நிழலைப் பார்த்தால் தெரியாது, விமானத்தையே பக்கவாட்டில் பார்க்க வேண்டும், அதனால் ஒருத்தி கடலைப் பார்த்து நிற்க மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்து நின்றார்கள். அவள் சீலா என்றால் நீளவாக்கில் ஒதுக்குவார்கள், பாறை என்றால் அகலவாக்கில். சில நேரம் முக்கோணமாக, தனி வால்பலகையே இல்லாமல் ஒன்று போகும், அது போன பிறகுதான் சத்தம் வரும், அது திருக்கை. திருக்கையின் நிழல் சில்லென்று இருந்தது, அதன் கீழே யாரும் படுக்கவில்லை, ஐஸ் பெட்டிகளை மூட எடுத்துக்கொண்டார்கள். எங்கோ பெரிய விமான நிலையத்தில் மழை என்று திருப்பி அனுப்பப்பட்ட, நாலு எஞ்சினும் தலையில் திமிலும் வைத்த பெருவிமானம் ஒன்று ஒரே ஒருமுறை மேகம் விலகிய நேரத்தில் வந்தது. அதன் நிழலைச் சுருட்ட ஊரே சேர வேண்டியிருந்தது; அந்த ஒன்றைக் கட்டினால் ஒரு கல்யாணத்துக்கு வேறு பந்தல் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பொடிக்கோலா.

அது கோலா மாதிரியே இறக்கையை முதுகில் வைத்திருந்தது, இறக்கை சாயாமல் நேராகவும் இருந்தது, ஆனால் மொத்தமே ஒரு விசைப்படகு அளவுதான். காற்றாடி பக்கத்துக்கு ஒன்றாக இல்லாமல் மூக்கில் ஒன்றே ஒன்று சுற்றியது. இறக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே சாய்வாக ஒரு முட்டுக் கம்பு இருந்தது. மற்ற விமானங்கள் இறங்கும்போது காலை நீட்டினாலும் ஏறும்போது மடக்கிக்கொள்ளும். இது ஏறினாலும் இறங்கினாலும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே திரிந்தது. கித்தேரி நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, இது கோலாக் குட்டி என்றாள். காலை மடக்க இன்னும் பழகவில்லை, இறக்கை கெட்டிப்படவில்லை, அதனால்தான் முட்டுக் கொடுத்திருக்கிறது, இரண்டாவது காற்றாடி வளர்கிறபோது முளைக்கும் என்று அவள் சொன்னது எல்லாருக்கும் சரியாகவே பட்டது. அமலோற்பவம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"வாலப் பாரு கித்தேரி. கோலாவுக்குப் பலகை உச்சியில இருக்கு, இதுக்கு அடியில கெடக்கு. இது வேற சாதி."

"வளந்தா ஏறும் மைனி. ஒங்க மவனுக்கு மீசை எப்ப வந்துச்சு?"

சிப்பிமுனையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மீன் வரத்து அற்றுப்போய் ஊர் பட்டினி கிடந்த ஒரு வருடத்துக்குப் பிறகு, வலையில் வருகிற குட்டி மீனை யாரும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது, உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும் என்று ஊர்க் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. பொடிக்கோலாவின் நிழலையும் அப்படியே விட்டார்கள். அது மணலில் விழுந்து ஒட்டிக்கொண்டு துடிக்கும்போது, இரண்டு பெண்கள் ஆளுக்கொரு இறக்கை நுனியைப் பிடித்துத் தூக்கி உதறி விடுவார்கள், அது மணல்மேல் விழுந்தடித்து ஓடித் தன் விமானத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பொடிக்கோலா அந்த வருடம் முழுவதும் அடிக்கடி வந்தது. கரையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நேராகப் போய், திரும்பி, சற்றே தள்ளி அதேபோல நேராகத் திரும்பி வந்தது. பிள்ளை நீச்சல் பழகுகிறது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள், அது வருகிற நாளில் மீனை ஒதுக்கி அதற்கு வழிவிட்டார்கள், மேலே பார்த்துக் கைகூட ஆட்டினார்கள்.

நில எடுப்பு அலுவலர் திருவேங்கடம் ஜீப்பில் வந்து இறங்கியபோது மரியாதையாகத்தான் பேசினார். இறங்குகிற விமானங்களுக்கு வழிகாட்ட விளக்குக் கம்பங்கள் நட வேண்டும், அதைச் சுற்றி வேலி போட வேண்டும், அதற்கு இந்த மணல் தேவைப்படுகிறது, யாரும் பயன்படுத்தாத இடம் என்பதால் யாருக்கும் நட்டமில்லை என்றார். பெண்கள் தங்கள் காலடியில் விரித்துக் கிடந்த மீனைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அவரும் மீனைப் பார்த்தார், பார்த்துவிட்டு, கையிலிருந்த பெரிய படத்தை ஜீப்பின் மூக்கில் விரித்துக் காட்டினார். விமானத்திலிருந்து எடுத்த படம். கடல் இருந்தது, உடைமரக் காடு இருந்தது, கோவில் இருந்தது, கிணறுகூட இருந்தது. மணல் மட்டும் துடைத்துவைத்த தட்டு மாதிரி வெள்ளையாக இருந்தது, அதன் நடுவே பயன்பாடற்ற மணல் என்று எழுதியிருந்தது. முதலில் அங்கே சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்ததாகவும், வெள்ளை மணலில் வெளிறிய புள்ளிகள் என்பதால் கேமராக் கண்ணாடியில் ஒட்டிய தூசி என்று நினைத்து வரைபட அலுவலகத்தில் அவற்றைத் துடைத்துவிட்டதாகவும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"நான் என்னம்மா செய்யறது. நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. ஆனா படத்துல என்ன இருக்கோ அதுதான் கணக்கு."

கித்தேரி அவர் பேச்சைக் கேட்கவில்லை. படத்தின் ஒரு மூலையில், மணலும் தண்ணீரும் சேர்கிற இடத்தில், துடைக்க முடியாத அளவுக்குப் பெரிதாக ஒரு கறுப்பு விழுந்திருந்தது. நேரான இறக்கை, மூக்கில் காற்றாடியின் மங்கலான வட்டம், அடியில் கிடக்கிற வால்பலகை. அவள் அதன் மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. தலைவர் சிலுவைராயன், நிழலைப் பிடித்தால் கேஸ் போடுவார்கள் என்றார்; மேலும் குட்டியை விடுவது ஊர்த் தீர்மானம், தீர்மானத்தை மீறினால் நாளைக்கு எவனும் குட்டி மீனை விட மாட்டான் என்றார். அது நியாயமான பேச்சுதான். கித்தேரி எழுந்து, அது குட்டி இல்லை, தான் சொன்னது தப்பு என்றாள். ஒரு வருடமாகப் பார்க்கிறேன், வால் ஏறவில்லை, கால் மடங்கவில்லை, முட்டுக் கம்பு அப்படியே இருக்கிறது. அதன் முழு வளர்த்தியே அவ்வளவுதான், நம் கண் முன்னால் அது நீச்சல் பழகவில்லை, நம்மைப் படமெடுத்துத் துடைக்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது என்றாள். அமலோற்பவம் இதற்காகவே காத்திருந்தவள் போல, மீசையை ஞாபகம் வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், கித்தேரியும் சிரித்தாள், சிரித்து முடித்ததும் நாளைக்கு அது வந்தால் விடுவதில்லை என்று முடிவாயிற்று.

மறுநாள் பொடிக்கோலா வந்தது. நிழல் விழுந்து துடித்தது. யாரும் நுனியைத் தூக்கி உதறவில்லை. விமானம் கரைக் கோடி வரை போய், ஏதோ மறந்துவிட்ட ஆள் மாதிரி ஒருமுறை தடுமாறித் திரும்பி, நிழலில்லாமல் உடைமரக் காட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெண்கள் சுருட்டிய நிழலைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று திருவேங்கடம் ஒலிபெருக்கியில் சொன்னதும், கித்தேரி கயிற்றை அவிழ்த்து நிழலை உதறினாள். அது மண்டபத்தின் இந்த வாசல் முதல் மேடை வரை விரிந்தது, இடம் பற்றாமல் இறக்கை நுனிகள் இரண்டு பக்கச் சுவரிலும் ஏறின, அத்தனை குழல்விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போதே மண்டபம் இருண்டு குளிர்ந்தது, மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் தேடினார்கள்.

"சார், இது ஒங்க படம் எடுத்த விமானத்தோட நிழல். அந்த மணல்ல விழுந்தது. ஆளே இல்லாத மணல்னு எழுதியிருக்கிய. ஆளே இல்லாத மணல்ல இத யாரு சுருட்டுனது?"

திருவேங்கடம் நல்ல மனிதர், அதனால் மேடையிலிருந்து இறங்கி வந்து நிழலைத் தொட்டுப் பார்த்தார். படத்தைத் திருத்த வேண்டுமானால் இன்னொரு படம் எடுத்தாக வேண்டும் என்றார். எடுக்கச் சொல்லுங்கள் என்றாள் கித்தேரி. நிழல் இல்லாமல் பறக்க மாட்டேன் என்று அதை ஓட்டுகிறவர் சொல்லிவிட்டார், எப்போதும் தாழப் பறந்து நிழலைப் பார்த்தே உயரம் கணிக்கிறவர், நிழலைக் கொடுத்தால் உடனே ஏற்பாடு செய்கிறேன் என்றார் அவர். அங்கேதான் பெண்களுக்குச் சிக்கல் வந்தது: கொடுத்தால் அது மறுபடியும் வெள்ளை மணலைத்தான் எடுக்கும், கொடுக்காவிட்டால் பழைய படமே நிற்கும். அவர்கள் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசினார்கள். திரும்பி வந்து, இங்கே கொடுக்க மாட்டோம், மணலுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கித்தேரி சொன்னாள்.

ஓட்டுகிறவர் ஒத்துக்கொண்டார், தன் நிழல் ஒரு கல்யாண மண்டபத்துத் தரையில் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

குறித்த நாளில் சிப்பிமுனைப் பெண்கள் எல்லாரும் கரைக்கு வந்தார்கள். மீனை வழக்கம்போல விரித்தார்கள். நடுவில் நிழலை விரித்து, அது ஓடிவிடாதபடி அதன் மேலேறி நின்றார்கள். மூக்கில் கித்தேரி, அடிவால் பலகையில் அமலோற்பவம், இரண்டு இறக்கையிலும் நெருக்கமாக மற்றவர்கள், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சேலை கட்டிக்கொண்டு, கையில் மீன் கிளறுகிற கம்பும் கூடையுமாக. வெள்ளை மணலில் தூசியாகத் தெரிந்தவர்கள் கறுப்பின் மேல் நின்றார்கள். பொடிக்கோலா கடல் பக்கமிருந்து முன்னெப்போதும் இல்லாத தாழ்வில் வந்தது, நிழல் காலடியில் முறுக்கி இழுத்தது, யாரும் காலை எடுக்கவில்லை. மணலோரத்தில் நின்ற திருவேங்கடம் போதும் விடுங்கள் என்று கை காட்டினார். இன்னொரு தடவை வரட்டும் என்றாள் கித்தேரி. அது திரும்பி வந்தது, கோணல் பார்வையாகச் சாய்ந்து வந்தது, ஓட்டுகிறவர் கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற முகம் தெரிந்தது, பெண்கள் கை ஆட்டாமல் அந்த முகத்தையே பார்த்தார்கள். அது கடந்த பிறகு அமலோற்பவம் வாலிலிருந்து இறங்கினாள், பிறகு இறக்கைகளில் நின்றவர்கள், கடைசியாகக் கித்தேரி. நிழல் மீனுக்கு மேலே பாய்ந்து ஓடியது.

புதிய படம் வந்தபோது வரைபட அலுவலகத்தில் ஒரு குழப்பம். கறுப்பு இறக்கைமேல் வரிசையாக நிற்கிற புள்ளிகளைத் துடைக்க முடியவில்லை, ஒன்றைத் துடைத்தால் விமானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. பனைமரத்துக்கு ஒரு குறி உண்டு, கிணற்றுக்கு உண்டு, கோவிலுக்கு உண்டு, மணலில் நிற்கிறவர்களுக்குக் குறி கிடையாது. கடைசியில் அங்கே ஆட்கள் என்று எழுதித் திருவேங்கடத்திடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டினார், இந்தச் சொல்லை எழுதவைக்கத் தான் நிறைய அலைந்ததாகவும் சொன்னார், அது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் மணலின் ஒரு ஓரத்தில் சின்னதாக இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் வளைத்து, வேலிக்கான கோடு பென்சிலில் போடப்பட்டிருந்தது.

கித்தேரி மீன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"ஆட்கள்னா யாரு சார்? பேரப் போடுங்க."

"அத்தனை பேரையுமா?"

"நின்னது அத்தனை பேருதான. நின்ன எடத்துல போடுங்க."

அவர் ஜீப்பின் மூக்கில் படத்தை விரித்து, பேனாவைத் திறந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தான் நின்ற இடத்தைக் காட்டினார்கள், மீன் காயப்போடுகிற இடத்தையும் காட்டினார்கள், அதற்குப் பக்கத்தில் தாய் காயப்போட்ட இடத்தையும் காட்டினார்கள். கித்தேரி என்று எழுதினார், அமலோற்பவம் என்று எழுதினார், பனிமயம், ரெஜினாள், சந்தியம்மாள், இஞ்ஞாசி, செசீலி என்று எழுதினார், மூத்த சந்தியம்மாள், இளைய சந்தியம்மாள் என்று பிரித்து எழுதினார், மை தீர்ந்து ஜீப் ஓட்டுநரின் பேனாவை வாங்கி எழுதினார், பெயர்கள் மணலின் வடகோடி முதல் தென்கோடி வரை போய், தண்ணீர் வரை இறங்கி, உடைமரக் காட்டின் விளிம்பில் முட்டி நின்றன. வேலிக்காரர்கள் அளவு நாடாவோடு வந்து நின்று, கோடு எங்கே சார் என்று கேட்டார்கள். திருவேங்கடம் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பென்சில் கோடு பெயர்களுக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது. புதிதாக ஒரு கோடு போட, இரண்டு பெயருக்கு நடுவே எங்கும் இடமில்லை.